கோவையில் ஒரு ஜெர்மனிக் கல்வி ஆலோசனை அலுவலகம்: பதினொரு மாத அனுபவம்

ஜெர்மனியில் மேற்படிப்புக்கு மாணவர்களை அனுப்பி வைக்கும் கோவை அலுவலகம் ஒன்றின் சேவையை, என் மகளுக்காக 2024 அக்டோபர் முதல் 2025 ஆகஸ்ட் வரை பதினொரு மாதங்கள் பயன்படுத்தினோம். காந்திபுரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் அது இருக்கிறது. அதன் பெயரை நான் எழுதவில்லை. அதே கட்டண முறையிலும் அதே பேச்சு முறையிலும் நடக்கும் அலுவலகங்கள் கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் பல இருப்பதால், ஒன்றைச் சுட்டிக்காட்டுவதைவிட, அந்தச் சேவையில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று சொல்வதே படிப்பவர்களுக்குப் பயன்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழ்களைச் சரிபார்ப்பதிலும் விசாவுக்கான கோப்பைத் தயாரிப்பதிலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள். எந்த ஊரில், எந்தக் கல்வி நிறுவனத்தில், எந்தப் படிப்பு என்ற கேள்விக்கு அவர்கள் தரும் பதிலை மட்டும் அப்படியே ஏற்கக் கூடாது. ஜெர்மனியில் உயர்கல்வி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் நமக்கு விளக்குவதில்லை. அது விளங்காமல் படிப்பைத் தேர்ந்தெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நூல் கோப்பதற்குச் சமம்.

நாங்கள் சென்னிமலைக்காரர்கள். என் தந்தை கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போர்வை நெய்தவர். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். மகள் கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து, 10க்கு 8.2 என்ற சராசரியோடு 2024இல் தேறினாள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை என்று அவள் வீட்டில் சொன்னபோது, "ஏனம்மணி, காசு வாங்காமப் படிப்புச் சொல்லித் தர்ற ஊரும் இருக்குதா?" என்று அவளுடைய அப்புச்சி, அதாவது என் தந்தை, கேட்டார். எளிய கேள்விதான். ஆனால் அதற்கு முழுமையான விடை அந்த அலுவலகத்தில் ஒரு நாளும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முதல் அமர்வில் எங்களோடு பேசிய இளைஞர் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பத்து நிமிடம் ஆவதற்குள், பெர்லினில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் வண்ணக் கையேட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். பேஷன் மேலாண்மை, ஆங்கில வழி, மூன்றே வாரத்தில் அனுமதிக் கடிதம் என்று அடுக்கியவர், "இதுக்கு நீங்க எங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லைங்க மேடம், சர்வீஸ் முழுக்க இலவசம்ங்க" என்றார். அரசுப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் உங்கள் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். 75,000 ரூபாய் என்றார். அந்த இலவசச் சேவையோடு வந்த படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 11,000 யூரோ என்ற செய்தி கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று இரண்டாம் அமர்வில் மேலாளரிடம் நேராகவே கேட்டேன். ஒரு மாணவர் சேர்ந்தால் தனியார் பல்கலைக்கழகம் தங்களுக்குத் தரகு தருகிறது, அரசுப் பல்கலைக்கழகங்கள் அப்படி எதுவும் தருவதில்லை, ஆகவே அந்த வேலைக்கான கூலியை மாணவரிடமே வாங்க வேண்டியிருக்கிறது என்று அவர் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன். உழைப்புக்குக் கூலி கேட்பதில் குற்றமில்லை. அந்தத் தனியார் பல்கலைக்கழகம்கூட அரசு அங்கீகாரம் பெற்றதுதான், அதன் பட்டம் சட்டப்படி செல்லும். ஆனால் இவ்விரண்டும் இரு வேறு வகை நிறுவனங்கள் என்பதையும், தரகு வருவது ஒன்றிலிருந்து மட்டுமே என்பதையும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அன்று எங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த குடும்பம் காங்கேயம் பக்கத்திலிருந்து வந்திருந்தது. அவர்கள் முன்பணம் கட்டிவிட்டு எழுந்து போனதைப் பார்த்தேன். கையேட்டின் கடைசிப் பக்கத்தை அவர்களுக்கு யாராவது படித்துக் காட்டினார்களா என்ற கவலை இன்றும் எனக்கு இருக்கிறது.

அப்புச்சியின் கேள்விக்கான விடையை நாங்களாகவே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டோம். ஜெர்மனியில் கல்வி என்பது நடுவண் அரசின் கையில் இல்லை. 16 மாநிலங்களும் தத்தம் பல்கலைக்கழகங்களைத் தத்தம் சட்டப்படி நடத்துகின்றன, வரிப்பணத்திலிருந்து அவற்றுக்குச் செலவழிக்கின்றன. படிப்புக் கட்டணம் வாங்கும் வழக்கம் அங்கே ஒருமுறை வந்து போயிருக்கிறது. கட்டணத்தைத் தடைசெய்த நடுவண் சட்டத்தை 2005 ஜனவரியில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றதும், ஏழு மாநிலங்கள் ஒரு பருவத்துக்கு 500 யூரோ வரை வாங்கத் தொடங்கின; மக்களின் எதிர்ப்பால் ஒவ்வொன்றாகக் கைவிட்டு, கடைசி மாநிலமான கீழ் சாக்சனியும் 2014இல் நிறுத்திக்கொண்டது. ஆகவே கட்டணமின்மை என்பது வெளிநாட்டு மாணவருக்காக வைத்த சலுகை அன்று. அந்தச் சமூகம் வாதாடி மீட்டுக்கொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கும் விலக்கு உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைக்கு ஒரு பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. அலுவலகம் எங்களுக்குத் தந்த முதல் பட்டியலில் இருந்த பத்துப் படிப்புகளில் மூன்று, கட்டணம் வாங்கும் இந்த இடங்களில் இருந்தன. பட்டியலின் தலைப்போ "கட்டணமில்லாப் பல்கலைக்கழகங்கள்" என்று இருந்தது. சுட்டிக்காட்டியதும் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக் கொடுத்தார்கள். பழைய பட்டியல் என்றார்கள்.

எங்கும் வாங்கப்படுவது பருவப் பங்களிப்பு என்ற சிறு தொகை. மகள் படிக்கும் இடத்தில் அது ஒரு பருவத்துக்கு 320 யூரோவுக்குச் சற்று மேல். அதற்குள்ளேயே நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்துகளிலும் வட்டாரத் தொடர்வண்டிகளிலும் செல்வதற்கான பயணச்சீட்டும் அடங்கிவிடுகிறது.

அடுத்து, நிறுவனங்களின் வகை. அலுவலகத்தின் விளக்கம் மிகவும் மெலிந்துபோனது இங்கேதான். நான் படிப்பவர்களை நிறுத்திச் சொல்ல விரும்புவதும் இதைத்தான். ஜெர்மனியின் உயர்கல்வி இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று ஆய்வையும் கற்பித்தலையும் இணைத்து நடத்தும் பல்கலைக்கழகங்கள். 1386இல் தோன்றிய ஹைடல்பர்க் முதல், 1810இல் கல்விச் சிந்தனையாளர் வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட்டின் கருத்தின்படி பெர்லினில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், ஆகன், டிரெஸ்டன் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் வரை இந்தக் கிளையில் சேரும். மற்றொன்று, மாநிலங்கள் 1968இல் செய்துகொண்ட உடன்பாட்டைத் தொடர்ந்து பழைய பொறியியல் பள்ளிகளையும் உயர்தொழிற் பள்ளிகளையும் இணைத்து உருவாக்கிய ஃபாக்ஹோக்ஷூலே என்ற வகை. இன்று அவை பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்கள் என்று தம்மை அழைத்துக்கொள்கின்றன. முதல் கிளையில் பேராசிரியர் வாரத்துக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் கற்பிக்கிறார், மீதி நேரம் ஆய்வுக்கு உரியது. இரண்டாம் கிளையில் பேராசிரியர் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வரை கற்பிக்கிறார். அந்தப் பதவிக்கு வர அவருக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். அதில் மூன்றாண்டுகள் கல்வி நிறுவனத்துக்கு வெளியே, ஆலையிலோ அலுவலகத்திலோ கழிந்திருக்க வேண்டும். இரு கிளைகளும் தரும் முதுநிலைப் பட்டத்துக்குச் சட்டத்தின் முன் மதிப்பு ஒன்றே. முனைவர் பட்டம் வழங்கும் உரிமை மட்டும் நெடுங்காலம் முதல் கிளைக்கே இருந்தது. 2016இல் ஹெஸ்ஸன் மாநிலம் அதைப் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களின் ஆய்வு வலிமை மிக்க துறைகளுக்கும் திறந்துவிட்டது.

அலுவலகத்தின் இளைஞர் இந்த இரண்டையும் "ஏ கிரேடு, பி கிரேடு" என்று பிரித்து, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கே இரண்டாவது வகை என்றார். இது தவறு மட்டுமல்ல, எங்களைப் போன்றவர்களுக்குத் தீங்கு. மகள் ஆய்வாளராக வேண்டுமென்று நினைக்கவில்லை. சாயப்பட்டறைக் கழிவுநீரைக் குறைக்கும் முறைகளைக் கற்றுக்கொண்டு ஆலையில் வேலை செய்ய வேண்டும் என்பது அவள் விருப்பம். நொய்யலாற்றின் நிலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அப்படி நினைப்பதில் வியப்பில்லை. அப்படிப்பட்டவளுக்கு, ஆலையில் பணியாற்றிவிட்டு வந்த பேராசிரியர்கள் கற்பிக்கும் இடமே பொருத்தமானது. ஜவுளிக் கல்விக்குப் பெயர் பெற்ற இடங்களில் மென்ஷன்கிளாட்பாக், ராய்ட்லிங்கன், மியூன்ஷ்பெர்க் ஆகிய மூன்றும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. ஆகனிலும் டிரெஸ்டனிலும் உள்ள ஜவுளி ஆய்வு நிறுவனங்கள் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. இவற்றுள் மென்ஷன்கிளாட்பாக் நகரைப் பருத்தி ஆலைகளின் காரணமாக ரைன்லாந்தின் மான்செஸ்டர் என்று அழைத்திருக்கிறார்கள். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயரெடுத்த கோவையில் ஜவுளி படித்த பெண்ணுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகத்தில், அந்த ஊரின் பெயரை முதலில் சொன்னது நாங்கள்தான் என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

இனி கணக்குக்கு வருகிறேன். 1999இல் போலோன்யா நகரில் 29 நாடுகள் கையெழுத்திட்ட அறிக்கையின் விளைவாக, ஐரோப்பாவில் படிப்புகள் இளநிலை, முதுநிலை என்ற அடுக்குகளாகவும், மாணவரின் உழைப்பு ஈசிடிஎஸ் என்ற புள்ளிகளாகவும் அளக்கப்படுகின்றன. ஒரு பருவத்துக்கு 30 புள்ளிகள். ஜெர்மனியில் ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பில் உட்காரும் நேரம் மட்டுமன்றி வீட்டில் படிக்கும் நேரமும் இதில் சேரும். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்து பெரும்பாலும் 300 புள்ளிகள் ஆக வேண்டும். ஆறு பருவ இளநிலைக்கு 180 என்றால் முதுநிலை நான்கு பருவம், 120 புள்ளிகள். பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களில் இளநிலை பல இடங்களில் ஏழு பருவம், 210 புள்ளிகள். ஆகவே அங்கே முதுநிலை மூன்றே பருவத்தில், 90 புள்ளிகளோடு முடிந்துவிடுகிறது. சில முதுநிலைகளுக்கு 210 புள்ளிகள் கேட்பதன் காரணம் இதுதான். இந்த ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்திருந்தால், பட்டியலில் சில படிப்புகள் ஒன்றரை ஆண்டாகவும் சில இரண்டு ஆண்டாகவும் ஏன் இருக்கின்றன என்று மகள் ஒரு வாரம் குழம்பியிருக்க மாட்டாள்.

மதிப்பெண் மாற்றத்தில் அவர்கள் செய்த பிழை இதைவிடப் பெரியது. ஜெர்மனியில் 1.0 என்பது உயர்ந்த தரம், 4.0 என்பது தேர்ச்சியின் விளிம்பு. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற, திருத்திய பவேரியச் சூத்திரம் என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். பெறக்கூடிய அதிக மதிப்பெண்ணிலிருந்து பெற்ற மதிப்பெண்ணைக் கழித்து, அதை, அதிக மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சிக்கான குறைந்த மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். மகளின் கல்லூரியில் தேர்ச்சிக்குக் குறைந்தது 5. ஆகவே 10இலிருந்து 8.2 போக 1.8, அதை 5ஆல் வகுத்தால் 0.36, மூன்றால் பெருக்கினால் 1.08, ஒன்றைக் கூட்டினால் 2.08. அலுவலகத்தின் கணினி 1.9 என்று காட்டியது. அவர்கள் தேர்ச்சி மதிப்பெண்ணை 4 என்று போட்டிருந்தார்கள். எல்லாக் கல்லூரிக்கும் அதே எண் நிரந்தரமாகப் பதிந்து கிடந்தது. 2.0 வரை மட்டுமே ஏற்கும் ஒரு படிப்புக்கு அந்த 1.9ஐ நம்பி விண்ணப்பம் போகவிருந்தது. நான் கணித ஆசிரியை என்பதால் கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காத பெற்றோரின் விண்ணப்பங்கள் எத்தனை இப்படிப் போயினவோ என்று மேலாளரிடம் கேட்டபோது அவர் முகம் வாடிவிட்டது. அடுத்த முறை போனபோது அந்த எண்ணை ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாகக் கேட்டுப் போடும்படி மாற்றியிருந்தார்கள். சொன்னதைக் கேட்டுத் திருத்தும் குணம் அந்த அலுவலகத்தில் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்து விண்ணப்பங்கள் என்பது அவர்கள் சேவையின் வரம்பு. பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு விண்ணப்பங்களை யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியே பெறுகின்றன. அங்கே முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இந்தத் தொகை அலுவலகக் கட்டணத்துக்கு வெளியே என்பதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள், ஆனால் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாங்கள் ஒவ்வொரு படிப்பின் பாடக் கையேட்டையும் மகளின் கல்லூரிப் பாடத்திட்டத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை நீக்கி, ஆறு இடங்களுக்கு மட்டும் விண்ணப்பித்தோம். வேதியியலில் இத்தனை புள்ளி, கணிதத்தில் இத்தனை புள்ளி முன்பே படித்திருக்க வேண்டும் என்று அங்கே நிபந்தனை வைத்திருக்கிறார்கள். நல்ல மதிப்பெண் இருந்தும் இந்தப் பொருத்தம் இல்லாவிட்டால் இடம் கிடைக்காது. இந்த ஒப்பீட்டை அலுவலகம் செய்து தருவதில்லை. இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறேன் என்று மாணவர் எழுத வேண்டிய விருப்ப அறிக்கையையும் அவர்கள் ஒரே அச்சில் வார்த்துத் தருகிறார்கள். பெயரை மாற்றினால் இயந்திரவியல் மாணவருக்கும் பொருந்தும் அந்த அறிக்கையை ஒதுக்கிவிட்டு, மகள் தானே சாயக்கழிவைப் பற்றியும் சென்னிமலைத் தறிகளைப் பற்றியும் எழுதினாள். மூன்று இடங்களிலிருந்து அனுமதி வந்தது.

அவர்களுடைய வேலை உண்மையிலேயே உயர்ந்து நின்ற இடத்துக்கு இப்போது வருகிறேன். இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் என்ற அமைப்பின் சான்று 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்குக் கட்டாயம். அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்களில் மகளின் பெயர் தலைப்பெழுத்தோடும், கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுவதுமாக விரிந்தும், பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்து பின்னாலும் இருந்தன. தமிழ்நாட்டில் இது வீட்டுக்கு வீடு உள்ள சிக்கல். அந்த அலுவலகத்தில் கோப்புகளைப் பார்க்கும் ஒரு பெண்மணி, முதல் பார்வையிலேயே அதைக் கண்டு, மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் எழுதி வாங்கச் சொன்னார். எங்கள் கல்லூரி அலுவலகம் முத்திரை வைக்க மறந்த ஒரு பருவ மதிப்பெண் பட்டியலையும் அவர்தான் கண்டுபிடித்தார். எந்த மறுகேள்வியும் இல்லாமல் சான்று வந்து சேர்ந்தது. அந்தப் பெண்மணியின் கவனத்துக்காகவே அந்த அலுவலகத்துக்குப் போகலாம்.

விசாவும் அப்படியே. ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ, அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய், பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும்; அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் எடுக்கலாம். இந்தப் பணம் கட்டணம் அன்று, மகளுடைய பணமே என்பதை என் தந்தைக்கு விளங்க வைக்க அந்தப் பெண்மணி அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். "பணம் எங்கீங்க போகுது அப்பாரு, உங்க பேத்தி கணக்குலயேதான் இருக்கும்ங்க, மாசாமாசம் அவங்களே எடுத்துக்குவாங்க" என்று அவர் சொன்ன பிறகே வங்கிக் கடனுக்கு என் தந்தை சம்மதித்தார். காகிதங்களை எந்த வரிசையில் அடுக்குவது, மருத்துவக் காப்பீட்டில் எந்தத் தேதி இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்கள். ஈரோட்டில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போய் விண்ணப்பித்துவிட்டு அடுத்த நாள் திரும்பினோம். குறை என்று ஒரு காகிதமும் திரும்பி வரவில்லை.

ஆனால் விசா வந்த நாளோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிட்டது. அங்கே போன பின் படிப்பு எப்படி நடக்கும் என்பதைப் பற்றி அவர்கள் நடத்திய வழியனுப்புக் கூட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. எந்தப் பருப்பு எத்தனை கிலோ எடுத்துச் செல்லலாம் என்பதிலேயே இரண்டு மணி நேரம் கழிந்தது. இங்கே நம் பிள்ளைகள் இன்டர்னல் மதிப்பெண், வருகைப்பதிவு, மாதத் தேர்வு என்ற கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டே நான்காண்டுகள் நடக்கிறார்கள். அங்கே பெரும்பாலான விரிவுரைகளுக்கு வருகைப்பதிவு கிடையாது. ஆய்வகப் பயிற்சிக்கு மட்டும் உண்டு. பல பாடங்களில் பருவ இறுதியில் எழுதும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண்ணையும் தீர்மானிக்கிறது. அந்தத் தேர்வுக்கு மாணவர் தாமே, குறித்த நாளுக்குள், இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பதியாதவர் தேர்வெழுத முடியாது. கல்லூரியே எல்லோருக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டி நுழைவுச்சீட்டு கொடுக்கும் பழக்கத்தில் வளர்ந்த மகள், பக்கத்து அறையில் இருந்த ஈரானியத் தோழி சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டு பாடங்களைத் தவற விட்டிருப்பாள்.

இதைவிட அஞ்ச வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு தேர்வைப் பொதுவாக மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது. எத்தனை முறை என்பதை அந்தந்தத் தேர்வு விதிமுறை சொல்லும். கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பிலும் தவறினால், பல்கலைக்கழகத்திலிருந்து பெயர் நீக்கப்படும். அதே படிப்பை ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாத நிலை வரும். நம்மூரில் அரியர் என்பது எத்தனை ஆண்டு கழித்தும் எழுதி முடிக்கக்கூடிய ஒன்று என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை அங்கே போய் நின்றால், அந்தக் குடும்பத்தின் 12 லட்சமும் கடனும் என்ன ஆகும்? இந்த விதியை விண்ணப்பத்துக்கு முன்பே, முதல் அமர்விலேயே ஒவ்வொரு மாணவரிடமும் சொல்லியாக வேண்டும். சொன்னால் வாடிக்கையாளர் பயந்து போய்விடுவார் என்று அலுவலகம் நினைத்தால், அப்படிப் பயப்படுவதும் அவருடைய உரிமை.

தங்குமிடமும் அப்படித்தான். மாணவர் விடுதிகளையும் மென்ஸா என்ற உணவுக்கூடங்களையும் பல்கலைக்கழகம் நடத்துவதில்லை; ஒவ்வொரு வட்டாரத்திலும் ஷ்டூடியரெண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு நடத்துகிறது, விடுதிக்கு அங்கே தனியாக, முடிந்தவரை சீக்கிரம் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிக் கடிதம் வந்தால் விடுதியும் தானாக வந்துவிடும் என்று அலுவலகம் எங்களிடம் சொல்லியது. அதை நம்பி இரண்டு மாதம் இழந்தோம். மகள் முதல் ஏழு வாரங்கள் ஒரு தனியார் அறையில் விடுதியைப்போல் இரு மடங்கு வாடகை கொடுத்தாள். பகுதிநேர வேலையில் எல்லாச் செலவையும் சமாளித்துவிடலாம் என்ற அவர்கள் பேச்சையும் நம்ப வேண்டாம். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மை. ஜெர்மன் மொழி ஓரளவாவது பேசாதவருக்கு அந்த வேலை எளிதில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆங்கில வழிப் படிப்புக்கு ஜெர்மன் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்காமல் மகள் கோவையில் எட்டு மாதம் மொழி வகுப்புக்குப் போனாள். இன்று அவளுக்கு மிகவும் கைகொடுப்பது அதுதான்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையும் இந்த அலுவலகம் அழைக்கிறது. அவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே இளநிலையில் நேராகச் சேர முடியாது. இடையில் ஷ்டூடியன்கொல்லெக் என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பும் அதன் இறுதித் தேர்வும் நிற்கும் வழிகளும் உண்டு, இங்கே கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டுப் போகும் வழியும் உண்டு. உங்கள் பிள்ளைக்கு எந்த வழி என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள்.

மொத்தத்தில் அலுவலகத்துக்கு நாங்கள் கொடுத்தது 75,000 ரூபாயும் வரியும். தேர்வுப் பதிவையும் விடுதியையும் பற்றிச் சொல்லாமல் விட்டதற்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஏபிஎஸ், விசா இரண்டுக்கும் அந்தத் தொகை தகும் என்றே நினைக்கிறேன். அதே அலுவலகத்தில் இந்த இரண்டு வேலைகளை மட்டும் தனியாகச் செய்து தரவும் ஒரு கட்டணம், 30,000 ரூபாய், இருக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் கட்டண அட்டையில் அது இல்லை, கேட்டால்தான் சொல்வார்கள். இன்று நான் போனால் அதைத்தான் எடுப்பேன்.

முதல் பருவத் தேர்வுகள் முடிந்து மகள் தொலைபேசியில் பேசிய வாரம், தேர்வுப் பதிவு, மூன்று வாய்ப்பு விதி, விடுதி விண்ணப்பம் மூன்றையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, அந்த அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்புப் பெண்மணி அதை உடனே பத்துப் படி எடுத்து முன்மேசையில் வைத்தார். எங்கள் தெருவில் இயந்திரவியல் முடித்த ஒரு பையனும் அவன் தாயும் இப்போது சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இரண்டு படிப்புகளின் பாடக் கையேடுகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு, அவனுடைய கல்லூரிப் பாடங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னும் வெப்ப இயக்கவியலும் பொருளறிவியலும் பாக்கி. அது முடிந்ததும் அவர்களைக் காந்திபுரத்துக்கு, அந்த 30,000 ரூபாய்ச் சேவைக்கு அனுப்பப் போகிறேன்.